ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள், சித்தப்பா

சேகர் சித்தப்பா: விடுமுறைக்கு யானைக் காட்சிக்கு 7 டிக்கெட் எடுக்கலாமா? இந்த வீடியோவைப் பாருங்கள், பாட்டுக்கு எப்படி ஆடுகிறது!

விமலா அத்தை: அடடா! படம்கூட வரையுமாமே?

கவிதா: சித்தப்பா, ஒலியை நிறுத்திவிட்டு இன்னொரு முறை பாருங்கள். கடைசியில் பாட்டு முடிந்துவிடுகிறது. அது மட்டும் ஆடிக்கொண்டே நிற்கிறது. கட்டிப்போட்டே வளர்க்கும் யானைக்கு மன உளைச்சலில் வரும் பழக்கம் அது.

விமலா அத்தை: யானை என்றாலே ஆடிக்கொண்டுதானே நிற்கும்? சின்ன வயதிலிருந்து அப்படித்தான் பார்த்திருக்கிறேன்.

கவிதா: நாம் பார்த்ததெல்லாம் கட்டிப்போட்ட யானைகளை, அத்தை. அதனால் அதுவே இயல்பு என்று நினைத்துவிட்டோம். படம் வரைவதும் அப்படித்தான். தாய்லாந்தில் பாகன் பக்கத்தில் நின்று காதை இழுத்து இழுத்து ஒவ்வொரு கோட்டையும் போட வைக்கிறார்.

அருண்: பழக்கும்போது அடிப்பார்களா அக்கா?

கவிதா: பல இடங்களில் குட்டியைத் தாயிடமிருந்து பிரித்து, கட்டிப்போட்டு, பட்டினி போட்டு, அடித்துத்தான் பணிய வைக்கிறார்கள். 22 மாதம் வயிற்றில் சுமந்த குட்டி. காட்டில் பெண் குட்டி என்றால் ஆயுள் முழுக்கத் தாயோடுதான் இருக்கும். எல்லாப் பாகனும் கொடுமைக்காரர் என்று சொல்லவில்லை. உயிராய்ப் பார்த்துக்கொள்பவர்களும் உண்டு. ஆனால் எந்த யானையும் தானாகத் தலைகீழாக நிற்காது.

சேகர் சித்தப்பா: சரி, நாம் போகாவிட்டால் அதற்கு யார் தீனி போடுவார்கள்? ஒரு நாளைக்கே 100 கிலோவுக்கு மேல் வேண்டும். காட்டில் விட்டாலும் பிழைக்காது.

கவிதா: எனக்கும் உறுத்தும் கேள்வி அதுதான் சித்தப்பா. டென்மார்க்கில் 2019-இல், சர்க்கஸில் மிச்சமிருந்த 4 யானைகளையும் அரசே 1 கோடியே 10 லட்சம் குரோனருக்கு வாங்கி ஓய்வு கொடுத்தது. இருப்பவற்றைக் கடைசிவரை காப்பாற்றியாக வேண்டும், அதற்குப் பணம் கேட்டால் நானும் தருவேன். டிக்கெட் வாங்கினால் அடுத்த குட்டியையும் பழக்கத்தானே செய்வார்கள்?

அருண்: சர்க்கஸ்காரர்கள் பிழைப்பு?

கவிதா: அமெரிக்காவில் ரிங்லிங் பிரதர்ஸ் சர்க்கஸ் 2016-இல் யானைக் காட்சிகளை நிறுத்தியது, அடுத்த ஆண்டே மூடவும் செய்தது. ஆனால் 2023-இல் விலங்கே இல்லாமல் திரும்ப வந்துவிட்டதே.

விமலா அத்தை: சேகர், நாம் யானை மேல் உட்கார்ந்து எடுத்த படம் இன்னும் கூடத்தில் மாட்டியிருக்கிறது. அதன் முகத்தை ஒரு நாளும் பார்த்ததில்லை.

சேகர் சித்தப்பா: ஒலி இல்லாமல் பார்த்தேன். பின்னங்காலில் சங்கிலி இருப்பதே இப்போதுதான் கண்ணில் பட்டது. டிக்கெட் வேண்டாம். ஆனால் பையனிடம் சொல்லிவிட்டேனே, அழுவான்.

கவிதா: சாயங்காலம் கூப்பிடுகிறேன் சித்தப்பா. அவனிடம் நான் பேசுகிறேன்.