நீளமுடிக் கினிப்பன்றிக்குப் பின்பக்கம் சிக்கு, ஈரம், நாற்றம்: குளிப்பாட்டியும் தீரவில்லை

மாடிவீடு (கேள்வி)

எங்கள் வீட்டில் இரண்டு வயது ஆண் கினிப்பன்றி ஒன்று இருக்கிறது. பெருவியன் இனம் என்று சொல்லிக் கொடுத்தார்கள். முன்முடி முகத்தை மூடுகிறது, பின்முடி தரையில் புரள்கிறது. பெயர் பரட்டை. ஊர் மதுரை. மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறையில் வளர்க்கிறோம். மின்விசிறி உண்டு, ஏசி கிடையாது.

சிக்கல் எல்லாம் பின்பக்கத்தில்தான். சிறுநீரில் முடி நனைகிறது, அதில் மரத்தூள் ஒட்டுகிறது, புழுக்கையும் சேர்ந்து கட்டியாகிவிடுகிறது. வாரம் ஒருமுறை குழந்தைகளுக்கான ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டுகிறோம். அன்றைக்கு நன்றாக இருக்கும். மறுநாள் மாலைக்குள் பழைய வாடை வந்துவிடும். இப்போது வால் இருக்க வேண்டிய இடத்தில் மெழுகு போன்ற பிசுபிசுப்பு வேறு. தோலில் பொடுகும் தெரிகிறது. சீப்பைப் பார்த்தாலே கத்துகிறான்.

ஷாம்புவை மாற்ற வேண்டுமா, இன்னும் அடிக்கடி குளிப்பாட்ட வேண்டுமா? முடியை வெட்டிவிடலாம் என்கிறார் என் கணவர். வெட்டக் கூடாது என்று மகள் அழுகிறாள்.

காவிரிக்கரை

உங்கள் வீட்டுக்காரர் பக்கம்தான் நான். பரட்டை அழகுப் போட்டிக்குப் போகப்போவதில்லை. மகளிடம் கத்தரியைக் கொடுங்கள், அழுகை நின்றுவிடும். (வட்டமுனைக் கத்தரி!)

கூண்டுக்காரர்

கோவையில் பெருவியனும், இன்னொரு நீளமுடி இனமான ஷெல்ட்டியும் வளர்க்கிறேன். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இவற்றின் முடி மாதத்துக்குச் சுமார் ஓர் அங்குலம் வளரும், தானாக நிற்காது. இங்கிலாந்துக் கண்காட்சிகளுக்குப் போகும் பெருவியன்களின் முடியைப் பகுதி பகுதியாகப் பிரித்து, காகிதத்தில் மடித்துச் சுருட்டி, ரப்பர் வளையம் போட்டே வைத்திருப்பார்கள். அந்த உழைப்பு இல்லாமல் அந்த நீளம் மட்டும் வேண்டும் என்றால் முடியாது. போதாததற்கு நீங்கள் இருப்பது மதுரை. 26 டிகிரி செல்சியசைத் தாண்டினாலே கினிப்பன்றிக்குச் சிரமம். கத்திரி வெயிலில் உங்கள் மாடி அறை எப்படிக் கொதிக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

வெட்டும் முறை: முதலில் நனைக்காதீர்கள். சிக்கு நனைந்தால் இன்னும் இறுகும். மடியில் துண்டு விரித்து உட்காரவைத்து, வாயில் கொறிக்க ஏதாவது கொடுங்கள். சிக்கின் அடியில், தோலை ஒட்டி, பேன் சீப்பை நுழையுங்கள். சீப்புக்கு மேலே வெட்டுங்கள், கீழே ஒருபோதும் வேண்டாம். சிக்கு தோலைத் தூக்கிப் பிடித்திருக்கும். எது தோல், எது முடி என்று விரலுக்குக்கூடத் தெரியாது. ஆணுக்கும் வயிற்றில் இரண்டு முலைக்காம்புகள் உண்டு, அங்கே கவனம். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முடிக்க நினைக்காதீர்கள். அவன் திமிற ஆரம்பித்தால் மீதியை நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பின்பக்கத்தையும் பின்னங்கால்களைச் சுற்றியும் ஒட்ட வெட்டுங்கள். விலாப்பக்க முடி தரையில் படாமல் வயிற்றளவுக்கு நிற்கட்டும். முதுகு முடியை மகளுக்காக விட்டுவைக்கலாம், அதனால் கெடுதல் இல்லை.

அந்த மெழுகு அழுக்கல்ல. முதுகெலும்பு முடியும் இடத்தில் எண்ணெய்ச் சுரப்பி ஒன்று உண்டு. ஆண்களுக்கு அதிகம் சுரக்கும். தேங்காய் எண்ணெயைத் தொட்டுத் தடவி, சில நிமிடம் ஊறவிட்டு, பஞ்சால் துடைத்தெடுங்கள். மிச்சமிருக்கும் எண்ணெயைச் சிறு விலங்குகளுக்கான ஷாம்பு ஒரு சொட்டு விட்டு அந்த இடத்தை மட்டும் கழுவலாம். நகத்தால் சுரண்டக் கூடாது, அடியில் தோல் புண்ணாகிவிடும்.

மரத்தூளை நிறுத்துங்கள். நீளமுடிக்கும் மரத்தூளுக்கும் ஆகவே ஆகாது. கீழே ஈரம் உறிஞ்சும் பழைய துண்டுகள், மேலே ஃப்ளீஸ் (போர்வைக்குப் பயன்படும் மெத்தென்ற செயற்கை இழைத்) துணி. ஈரத்தை ஃப்ளீஸ் கீழே இறக்கிவிடும், மேற்பரப்பு காய்ந்தே இருக்கும். புதிய ஃப்ளீஸை இரண்டு மூன்று முறை துவைத்த பிறகு போடுங்கள், இல்லாவிட்டால் தண்ணீர் மேலேயே நிற்கும். துணி மென்மையாக்கும் திரவம் வேண்டாம்.

தஞ்சாவூரான்

இவ்வளவு வம்பு எதற்கு? சீயக்காயும் வேப்பிலையும் கொதிக்கவைத்த தண்ணீரில் வாரம் இருமுறை முக்கி எடுங்கள். எங்கள் வீட்டு நாய்க்கு அப்படித்தான். வாடையும் போகும், பூச்சியும் போகும்.

கூண்டுக்காரர்

தஞ்சாவூராரே, உங்கள் நாய் நலமாக இருக்கட்டும். இது நாயல்ல. சீயக்காய் கண்ணில் பட்டால் நமக்கே எரியும். இதற்குக் கண் தரைக்கு ஓரங்குல உயரத்தில் இருக்கிறது. தவிர, குளித்த உடம்பைத் தானே நக்கிச் சுத்தம் செய்யும், போட்டதெல்லாம் வயிற்றுக்குப் போகும். அடிக்கடி குளிப்பாட்டினால் தோலின் இயற்கை எண்ணெய் போய்விடும். மாடிவீடு சொல்லும் பொடுகுக்கு வாராந்தரக் குளியலே காரணமாக இருக்கலாம்.

முழுக்குளியல் அபூர்வமாக இருக்கட்டும். தேவைப்படும்போது பின்பக்கத்தை மட்டும் ஆழமில்லாத வெதுவெதுப்பான தண்ணீரில் அலசி, அடிமுடி வரை துடைத்து உலர்த்துங்கள். மேலே காய்ந்து உள்ளே ஈரமாக இருப்பதுதான் ஆபத்து. ஈரமும் மலமும் இருக்கும் இடத்தில் ஈ முட்டையிடும். சில மணி நேரத்திலேயே புழு வைத்துவிடும். வெயில் காலத்திலும் மழைக்காலத்திலும் தினமும் காலை, மாலை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். புழு தெரிந்தால் கைவைத்தியம் கூடாது, அந்த நிமிடமே மருத்துவரிடம் கிளம்ப வேண்டியதுதான்.

மாடிவீடு

வெட்டியாகிவிட்டது. மகளே பாதி வெட்டினாள். முடியின் அடியில் தோல் சிவந்து, ஈரமாக, வெந்ததுபோல இருந்தது. படுக்கையை மாற்றிய பிறகும் வயிற்றின் கீழ்ப்பகுதி நனைந்தே இருக்கிறது. முடி மறைத்ததால் இதுவரை தெரியாத ஒன்று இப்போது தெரிகிறது: சிறுநீர் கழிக்கும்போது முதுகைக் குறுக்கிக்கொண்டு மெல்லக் கீச்சிடுகிறான். துணியில் காய்ந்த இடத்தில் சுண்ணாம்பு போல வெள்ளைப் படிவு. இதுவும் சாதாரணம்தானா?

வெள்ளைக்கோட்டு

செல்லப்பிராணி மருத்துவமனையில் உதவியாளராக இருக்கிறேன். மருத்துவர் அல்ல, பார்த்ததைச் சொல்கிறேன்.

கொஞ்சம் வெள்ளைப் படிவு சாதாரணம். கினிப்பன்றி உணவில் கூடுதலாக இருக்கும் கால்சியத்தைச் சிறுநீர் வழியாகத்தான் வெளியேற்றும். ஆனால் படிவு தொட்டால் மணல்போல நெருடினாலோ, கழிக்கும்போது வலியில் கத்தினாலோ, சிறுநீர் சொட்டிக்கொண்டே இருந்தாலோ அது வேறு கதை. கல், மணல் படிவு, தொற்று மூன்றில் எதுவாகவும் இருக்கலாம். அவற்றின் கற்கள் பெரும்பாலும் கால்சியம் என்பதால் எக்ஸ்ரேயில் தெரியும். தள்ளிப்போடாதீர்கள். ஆணுக்குச் சிறுநீர்ப் பாதை குறுகல், கல் அடைத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து.

எந்த மருத்துவரிடம் போனாலும் ஒன்றை வாய்விட்டுக் கேளுங்கள். பென்சிலின் வகை மருந்துகள், அமாக்சிசிலின் உட்பட, கினிப்பன்றிக்கு வாய்வழி கொடுக்கக் கூடாது. குடலில் உள்ள நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து இறந்துவிடும். நாய், பூனைகளை மட்டுமே பார்த்துப் பழகிய இடங்களில் இதை நினைவூட்டுவது தவறாகாது. முயல், கினிப்பன்றி பார்ப்பவரா என்று தொலைபேசியிலேயே கேட்டுவிட்டுப் போங்கள்.

எக்ஸ்ரே எடுக்கும்வரை பட்டினி போட வேண்டாம். இவை தொடர்ந்து தின்றுகொண்டே இருக்க வேண்டியவை. புல்லும் தண்ணீரும் எப்போதும் இருக்கட்டும்.

வட்டமாக முடி உதிர்ந்து செதில் விட்டிருந்தால் அதையும் மருத்துவரிடம் காட்டுங்கள். படர்தாமரையாக இருந்தால் மகளுக்கும் ஒட்டும்.

மாடிவீடு

காட்டிவிட்டு வந்தோம். கல் இல்லை. சிறுநீர்ப்பையில் மணல்போலப் படிவு, கூடவே தொற்று. கினிப்பன்றிக்கு ஒத்துக்கொள்ளும் மருந்தும் வலிக்கு ஒரு சொட்டு மருந்தும் கொடுத்திருக்கிறார். தோல் வெந்த இடத்துக்குக் களிம்பு.

என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். குதிரை மசால் (மாட்டுத் தீவனமாகப் போடும் லூசர்ன்) கட்டும் பசலைக் கீரையும் என்றேன். சத்து என்று நினைத்துத் தினமும் போட்டது. அவர் தலையாட்டிவிட்டு, குதிரை மசால் வளரும் குட்டிக்கும் சினையானதற்கும் சரி, இவனுக்குக் கால்சியம் மிகுதி என்றார். இனி என்ன போடுவது? கடையில் உலர்த்தி விற்கும் டிமொதி புல் விலை கேட்டால் மயக்கம் வருகிறது.

கூண்டுக்காரர்

அருகம்புல். மருந்து தெளிக்காத, நாய் போகாத இடத்தில் பறித்து, அலசி, ஈரம் வடிந்ததும் போடுங்கள். எவ்வளவு தின்றாலும் தின்னட்டும். புதிதாகத் தொடங்குவதால் சில நாள்களில் படிப்படியாகக் கூட்டுங்கள். டிமொதியைப் பெரிய மூட்டையாக நான்கைந்து பேர் சேர்ந்து வாங்கிப் பங்கிட்டால் கட்டுப்படியாகும், நாங்கள் அப்படித்தான் செய்கிறோம். வைக்கோலை மெத்தையாகப் போடலாம், உணவாகக் கணக்கில் வைக்காதீர்கள்.

குடமிளகாய் தினம் ஒரு துண்டு. நம்மைப்போலவே கினிப்பன்றிக்கும் வைட்டமின் சி உடம்பில் உற்பத்தியாகாது. கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 10 முதல் 30 மில்லிகிராம் உணவிலிருந்து கிடைக்க வேண்டும். குறைந்தால் முடி சொரசொரப்பாகும், மூட்டு வலிக்கும், புண் ஆறாது. தண்ணீரில் கலக்கும் வைட்டமின் சொட்டை நம்பாதீர்கள், அது சீக்கிரம் வீரியம் இழந்துவிடும்.

மாடிவீடு

வயிறு காய்ந்துவிட்டது. கீச்சொலியும் நின்றுவிட்டது. மருந்து இன்னும் மிச்சமிருக்கிறது, முடிக்கச் சொல்லியிருக்கிறார். ஒரே ஒரு கேள்வி பாக்கி: முகத்து முடியை வெட்டலாமா? மீசையோடு கலந்து கிடக்கிறது, பயமாக இருக்கிறது.

காவிரிக்கரை

கண்ணுக்கு மேலே உள்ள முன்முடியை மட்டும் வெட்டுங்கள். விரலிடுக்கில் பிடித்து, கத்தரி முனை கண்ணைப் பார்க்காமல் மூக்குப் பக்கமாக நோக்கும்படி. மீசையைத் தொடாதீர்கள், இருட்டில் வழி தெரிந்துகொள்வது அதை வைத்துத்தான். ஒருவர் பிடிக்க, ஒருவர் வெட்ட வேண்டும். இந்த முறை கத்தரி உங்கள் கையில் இருக்கட்டும், மகள் பிடித்துக்கொள்ளட்டும்.