ஃபாவா வேகவில்லை, மதியம் வீட்டுக்கார அம்மா சாப்பிட வருகிறார்

புது ஏதென்ஸ்வாசி: வந்து ஐந்து வாரம். மேல்மாடி வீட்டுக்கார அம்மா ஒரு பொட்டலம் மஞ்சள் பருப்பைத் தந்து "ஃபாவா செய்து பார்" என்றார். அசட்டுத் துணிச்சலில் அவரையே சாப்பிடக் கூப்பிட்டுவிட்டேன். ஒன்றரை மணி நேரமாகக் கொதிக்கிறது, இன்னும் பல்லில் கடிபடுகிறது. யாராவது சீக்கிரம் சொல்லுங்கள்!

லண்டன் மாமா: ஃபாவா என்பது பெரிய அவரைக்கொட்டை அம்மா. இரவே ஊறப்போட்டுத் தோலை உரித்திருக்க வேண்டும். ஜி6பிடி குறைபாடு (இந்தக் கொட்டை தின்றால் ரத்தச் சிவப்பணுக்கள் உடையும் பரம்பரைக் கோளாறு) உள்ளவர்களுக்கு ஆகாது, கேட்டுக்கொள்ளுங்கள்.

பிரேயஸ்காரன்: மாமா, அதற்கு இங்கே குக்கியா என்று பெயர். கிரீஸில் ஃபாவா என்றால் உடைத்த பருப்பு, ஊறவே வேண்டாம். குக்கரில் நாலு விசில் விடுங்கள், முடிந்தது.

தெசலோனிக்கி அக்கா: குக்கர் வேண்டவே வேண்டாம். இந்தப் பருப்பு நுரைத்து வெயிட்டை அடைத்துவிடும். நான் வந்த புதிதில் ஊரிலிருந்து சுமந்து வந்த அலுமினிய குக்கர் இண்டக்‌ஷன் அடுப்பில் சூடே ஆகவில்லை. இரண்டு மாதம் ரொட்டியும் தயிரும்தான். அழாத நாள் இல்லை.

பிரேயஸ்காரன்: எனக்கு வரி எண் வாங்கவே ஆறு நடை. அது இல்லாமல் வாடகை ஒப்பந்தம் இல்லை, ஒப்பந்தம் இல்லாமல் வேறெதுவும் இல்லை.

தெசலோனிக்கி அக்கா: ஆகஸ்டில் போனீர்களா? பாதி ஊர் பூட்டிக் கிடக்குமே!

புது ஏதென்ஸ்வாசி: அக்கா, அண்ணா, அடுப்பு எரிந்துகொண்டிருக்கிறது.

பன்னிரண்டு வருஷம்: தங்கச்சி, ஒன்று சொல்லு. தண்ணீரோடு வேறு என்ன போட்டாய்?

புது ஏதென்ஸ்வாசி: வெங்காயம், உப்பு, ஒரு முழு எலுமிச்சைச் சாறு. பொட்டலத்துப் படத்தில் எலுமிச்சை இருந்ததே.

பன்னிரண்டு வருஷம்: அதுதான் விஷயம். சாம்பாரில் பருப்பு வெந்த பிறகுதானே புளி ஊற்றுவோம்? புளிப்பு முதலில் விழுந்தால் பருப்பு இறுகிக்கொள்ளும். இரண்டு சிட்டிகை ஆப்பசோடா போடு, வெந்நீர் ஊற்று, மூடாமல் கொதிக்கவிடு. அடுத்த தடவை அரைக் கிலோவுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், நுரையை எடுத்துவிட்டு வெங்காயமும் பிரிஞ்சி இலையும் போட்டு முக்கால் மணி நேரம். உப்பு கடைசியில். சூட்டோடு ஆலிவ் எண்ணெய் விட்டு மத்தால் கடை. ஆறினால் இறுகும், அதனால் கொஞ்சம் தளர்வாகவே இறக்கு. எலுமிச்சை தட்டில் பரிமாறும்போதுதான். மேலே பச்சை வெங்காயம், கேப்பர் (உப்பிலோ வினிகரிலோ ஊறவைத்த பூமொட்டு).

பிரேயஸ்காரன்: சாண்டோரினித் தீவு ஃபாவாவாக இருந்தால் வீணாக்காதீர்கள், விலை பல மடங்கு. அது சாதாரண ஃபாவா மாதிரி பட்டாணியே இல்லை, நம் கேசரிப் பருப்புக்கு ஒன்றுவிட்ட சொந்தம். அந்தத் தீவில் எரிமலைச் சாம்பலில் புதைந்த அக்ரோதிரியில்கூட அது கிடைத்திருக்கிறது. 3,500 வருஷத்துக்கு முந்தைய ஊர்.

புது ஏதென்ஸ்வாசி: பொட்டலத்தில் தீவின் பேரெல்லாம் இல்லை, சூப்பர்மார்க்கெட் சரக்குதான்.

பன்னிரண்டு வருஷம்: அப்போது அது பட்டாணிப் பருப்பு. தீர்ந்தால் ஒமோனியா பக்கத்து நம்மூர்ச் சாமான் கடைகளிலும் பார்.

புது ஏதென்ஸ்வாசி: இருபது நிமிஷத்தில் குழைந்துவிட்டது அண்ணா! கேப்பரை அப்படியே போடலாமா?

தெசலோனிக்கி அக்கா: உப்பில் போட்டதா? இரண்டு தண்ணீரில் அலசிப் போடு.