யாழ்ப்பாணக் கொக்குவில் வீட்டுக் குழு: செத்தல் மிளகாய் கருகிய நாள்

[வெள்ளி, இரவு 7.40]

சின்ன மாமி: பிள்ளையள், இன்றைக்குச் செத்தல் முழுவதும் கருகிப்போச்சு. மல்லி, பெருஞ்சீரகம், மிளகு எல்லாம் பதமாக வறுத்து எடுத்துவிட்டு, கடைசியாகச் செத்தலைத் தாச்சியில் போட்டேன். கனடா அக்கா எத்தனை கிலோ தூள் கேட்டவ என்று பார்க்கத்தான் பேஸ்புக்கைத் திறந்தேன். நிமிர்ந்து பார்த்தால் குசினி முழுக்கப் புகை. எத்தனை கிலோ என்பதை இன்னும் பார்க்கவில்லை.

அக்கா: ஐயோ மாமி! கை சுடவில்லையே?

சின்ன மாமி: கைக்கு ஒன்றுமில்லை. மனம்தான் சரியில்லை. நான் வீடியோ பார்க்கப் போகவே இல்லை, அதுவாக வந்து நின்றது.

லண்டன் சித்தப்பா: பேசாமல் பேஸ்புக்கை அழித்துவிடுங்கோ அக்கா. நான் அழித்து இரண்டு வருசம், நிம்மதி.

சின்ன மாமி: உனக்கு மாதம் முடியச் சம்பளம் வரும் தம்பி. எனக்கு ஓடர் அதற்குள்தான் வருகிறது. சின்னவளின் டியூசன் காசே தூள் விற்றுத்தான்.

அப்பா: அவள் சொல்வது சரி. பேப்பருக்குக் கடைசிப் பக்கம் என்று ஒன்று உண்டு, மடித்து வைக்கலாம். இதற்கு அது இல்லை. தள்ளத் தள்ள வரும்படி வேண்டுமென்றே செய்திருக்கிறார்கள். அவளில் பிழை இல்லை.

நான்: மாமி, அழிக்க வேண்டாம். வேலைக்கும் பொழுதுபோக்குக்கும் ஒரே வாசலாக இருப்பதுதான் சிக்கல். ஓடரை மட்டும் வியாபாரத்துக்கென்று உள்ள வட்ஸ்அப் பிசினசுக்கு மாற்றுவோம். அதற்குக் காசு கட்டத் தேவையில்லை. உங்கள் பழைய சிம் சும்மாதானே கிடக்கிறது? அந்த நம்பரில் போட்டால் இரண்டு வட்ஸ்அப்பும் ஒரே போனில் ஓடும். உங்கள் பேஸ்புக் பக்கத்தில் வட்ஸ்அப் பட்டன் வைத்துவிட்டால் ஆட்கள் நேரே அங்கே வருவார்கள்.

சின்ன மாமி: ஒவ்வொருவருக்கும் விலை எழுதியே கை உளைகிறது பிள்ளை.

நான்: தூள், ஒடியல் மா, பனங்கட்டி மூன்றுக்கும் படமும் விலையும் கட்டலொக்கில் ஒருமுறை போட்டால் போதும், கேட்பவருக்கு அதையே அனுப்பலாம். "கனடாவுக்கு அனுப்புவீங்களா?" என்பதற்கும் பதிலை எழுதிச் சேமித்து வைப்போம். சாய்கோட்டை (/) அழுத்தினால் வந்து நிற்கும், தொட்டு அனுப்ப வேண்டியதுதான்.

சின்ன மாமி: அவர்கள் விடியப்புறத்தில் எல்லோ எழுதுகிறார்கள்?

நான்: டொரொன்டோவில் இரவு 8 மணி என்றால் இங்கே இப்ப விடிய 5.30. "காலை 9 மணிக்குப் பதில் தருவேன்" என்று தானாகவே போகும்படி வைக்கலாம். நீங்கள் நித்திரை கொள்ளுங்கோ.

அக்கா: யூடியூபில் பார்த்தவற்றின் வரலாற்றை அழித்து, நிறுத்தியும் வைத்தேன். 2023 இலிருந்து அப்படிச் செய்தால் முகப்பில் ஒரு வீடியோவும் வராது. மகன் இப்ப இரசாயனவியல் பாடத்தைத் தேடி எடுத்து, அதை மட்டும் பார்த்துவிட்டு எழும்புகிறான். முந்தி ஒரு பாடத்துக்கு இருந்தால் கிரிக்கெட்டில்தான் போய் முடியும்.

அப்பா: எனக்கும் அப்படிச் செய்து தா பிள்ளை. 2005 இல் தொடங்கிய "நூலகம்" இணையத்தளத்தில் பழைய ஈழத்துச் சஞ்சிகைகள் கிடக்கின்றன, அவற்றை வாசிக்கவே நேரம் காணாது.

நான்: நாளைக்குப் பின்னேரம் வருகிறேன். மாமி, போனைச் சார்ஜில் போட்டு வையுங்கோ.

[ஞாயிறு, காலை 10.15]

சின்ன மாமி: திருநெல்வேலிச் சந்தையில் புதுச் செத்தல் வாங்கி வறுத்தாச்சு. போனை அறையில் வைத்துவிட்டு, முடித்த பிறகுதான் எடுத்தேன். கனடா அக்காவுக்கு 3 கிலோவாம். படம் போடுகிறேன், நிறம் சரிதானா பாருங்கோ.