தண்ணி எது வரைக்கும் வந்திருக்கு? – ஆற்றுக்கரையில் சைக்கிள் ஓட்டியவர்களின் அனுபவங்கள்

தஞ்சாவூரிலிருந்து:

கப்பி ரோட்டிலும் மண் கரையிலும் சைக்கிள் ஓட்ட ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் மலைப்பக்கம் போகிறார்கள். என்னைக் கேட்டால் காவிரி டெல்டாவுக்கு வாருங்கள் என்பேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஓர் ஆறோ வாய்க்காலோ இருக்கும், ஒவ்வொன்றுக்கும் இரண்டு கரை இருக்கும். கார், பஸ் தொந்தரவு கிடையாது.

நான் அதிகம் ஓட்டுவது கல்லணைக் கால்வாய்க் கரையில். ஊரில் எல்லோருக்கும் அது புது ஆறு. 1934-இல் முடிந்த மேட்டூர்த் திட்டத்தோடு சேர்த்து வெட்டியது. கல்லணையில் புறப்பட்டு, பெரிய கோயில் பக்கமாகத் தஞ்சாவூருக்குள் வந்து, ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரங்களுக்குப் பாய்ந்து, புதுக்கோட்டை மாவட்டத்தில் மும்பாலைப் பக்கம் முடிகிறது. ஏறத்தாழ 149 கிலோமீட்டர். பழைய டெல்டாவுக்குத் தெற்கே இருக்கிற மேட்டு நிலத்துக்குத் தண்ணீர் கொண்டுபோக வேண்டும் என்பதால் சரிவைச் சிக்கனமாகச் செலவழித்து வெட்டியிருக்கிறார்கள். ஓட்டும்போது ஏறுகிறோமா இறங்குகிறோமா என்று காலுக்குத் தெரியாது. குறுக்கே வரும் காட்டாறுகள் சில இடங்களில் கீழ்க்குமிழி (கால்வாய்க்கு அடியில் கட்டிய சுரங்க வழி) வழியாகப் புது ஆற்றுக்கு அடியிலேயே போய்விடும். அங்கெல்லாம் இறங்கிப் பாருங்கள். மேலே ஓர் ஆறு, கீழே ஓர் ஆறு.

இந்த இழையை ஆரம்பித்ததற்குக் காரணம் வேறு. ஜூன் 12 மேட்டூர் திறந்தால் மூன்று நான்கு நாளில் கல்லணைக்குத் தண்ணீர் வந்துவிடும். கல்லணையில் பூவும் நெல்லும் தூவித் திறந்துவிட்ட பிறகு, புது ஆற்றில் அந்த முதல் தண்ணீர் எப்படிப் போகிறது தெரியுமா? நுரையும் சருகும் பிளாஸ்டிக்குமாக, காய்ந்த மணலைக் குடிக்கவிட்டுக் குடிக்கவிட்டு, நடக்கிற வேகம்கூட இல்லாமல் போகும். சைக்கிளில் அதைச் சுலபமாகத் தாண்டிவிடலாம். தாண்டிய பிறகுதான் விஷயம். அடுத்த பாலத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் என்னைக் கைகாட்டி நிறுத்தினார்.

“தம்பி, மேலேருந்துதானே வர்றீங்க? தண்ணி எது வரைக்கும் வந்திருக்கு?”

சொன்னேன். அவர் உடனே போனை எடுத்து யாரிடமோ, “ஆள் பாத்துட்டு வந்திருக்காரு, ராத்திரிக்குள்ள வந்துரும், நாத்தங்காலுக்கு வெதைய ஊறப் போடு” என்றார். அன்று முழுக்க, பாலத்துக்குப் பாலம் இதே கேள்விதான். டிவியில் சொன்னதை அவர்கள் நம்பவில்லை என்று இல்லை. எத்தனை கனஅடி திறந்தார்கள் என்று டிவி சொல்லும், தண்ணீர் இப்போது எந்தப் பாலத்தில் நிற்கிறது என்று சொல்லாது. கரையில் ஓட்டுகிற நாம் அதைக் கண்ணால் பார்த்துவிட்டு வருகிறோம். அன்றிலிருந்து நான் எங்கே புறப்பட்டாலும் மதகு திறந்திருக்கிறதா, ஷட்டர் எவ்வளவு தூக்கியிருக்கிறது, கரை எங்கே அறுந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டே போவேன். கேட்பவருக்குச் சரியான பதில் சொல்ல வேண்டும் அல்லவா?

உங்களுக்குக் கரையில் யாரைச் சந்தித்த அனுபவம் இருக்கிறது, எழுதுங்கள்.

மன்னார்குடியிலிருந்து:

அண்ணே, எங்கள் பக்கம் மூணாறு தலைப்பு. நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூன்றாகப் பிரியும் இடம். உங்கள் புது ஆற்றுக் கரை செம்மண், மழை பெய்து அரை நாளில் ஓட்டலாம். எங்களுடையது வண்டல், களி. ஐப்பசி மழையில் இரண்டு சுற்று சுற்றினால் டயருக்கும் ஃபோர்க்குக்கும் நடுவில் மண் அடைத்துக்கொண்டு சக்கரம் நின்றுவிடும். அதனால் அடைமழை நாளில் கரையில் ஓட்ட மாட்டோம், மழை விட்டு வெயில் காய்ந்த பிறகுதான் போவோம்.

அப்படி ஒரு கார்த்திகை மாதம், பாமணியாற்றுக் கரையில் போய்க்கொண்டிருந்தேன். ஆறு கரை தொட்டு ஓடுகிறது. கரைக்கு வெளிப்பக்கச் சரிவில், வயலை ஒட்டி, ஓர் இடத்தில் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. கசிவு என்பது டெல்டாவில் எல்லாக் கரையிலும் இருக்கும். ஆனால் என் தாத்தா சொல்லிக் கொடுத்தது நினைவுக்கு வந்தது: கசியிற தண்ணி தெளிவா இருந்தா பயமில்லை, கலங்கி வந்தா கரை உள்ளே கரையுதுன்னு அர்த்தம். இறங்கிப் பார்த்தேன், கலங்கல். நண்டு வளை, எலி வளை வழியாகத்தான் இது ஆரம்பிக்கும்.

ரெகுலேட்டர் (ஷட்டர் வைத்துத் தண்ணீரை அளந்து விடும் கட்டுமானம்) அங்கிருந்து கொஞ்ச தூரம்தான். போய் லஸ்கரிடம், அதாவது மதகையும் கரையையும் பார்த்துக்கொள்ளும் பாசனத்துறை ஊழியரிடம், சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி, “கலங்கலா, தெளிவா?” கலங்கல் என்றதும் வேறெதுவும் கேட்கவில்லை. என் பின்னால் வந்த பையனின் கேரியர் வைத்த சைக்கிளில் உட்கார்ந்துகொண்டு, வழியிலேயே ஊர்க்காரர்களுக்குப் போன் போட்டார். நாங்கள் போய்ச் சேரும்போது நாலு பேர் சாக்கோடு நின்றார்கள். சவுக்குக் கட்டை வந்தது, வைக்கோல் வந்தது, மணல் மூட்டை வந்தது. பெண்கள் வரிசையாக நின்று மூட்டை கைமாற்றினார்கள், நானும் அந்த வரிசையில் நின்றேன். ஆற்றுப் பக்கம் கட்டையை அடித்து, வாயை அடைத்து, வெளிப்பக்கம் மூட்டையால் வளையம் போட்டார்கள். இருட்டும்போது கசிவு தெளிந்துவிட்டது. அந்தக் கரை உடைந்திருந்தால் கதிர் வரும் பருவத்துச் சம்பா முழுக்க மண் மூடியிருக்கும்.

லஸ்கர் என்னிடம் ஒன்று மட்டும் சொன்னார். “கரை மேலே நடக்கிற ஆள் கொறைஞ்சு போச்சு தம்பி. முன்னெல்லாம் பொழுதன்னைக்கும் யாராவது நடந்துக்கிட்டே இருப்பாங்க, எது நடந்தாலும் தெரிஞ்சிரும். எல்லாம் பைக்ல தார் ரோட்டோட போயிடறாங்க. நீங்க வாங்க.” இப்போதும் தண்ணீர் குறைந்து முறை வைத்து விடுகிற காலத்தில் தலைப்புப் பக்கம் போனால் எனக்கு நிறையப் போன் வரும். “முறை மாத்திட்டாங்களா, பாமணிக்கு எப்ப விடுறாங்க?” பார்த்துச் சொல்வேன்.

பட்டுக்கோட்டையிலிருந்து:

நான் தனியாக ஓட்டும் பெண். ராஜாமடம் வாய்க்கால் கரையில் விடியற்காலையில் போவேன். ஆரம்பத்தில் எல்லோரும், “ஏன்மா தனியா வர்றே, வீட்ல யாரும் இல்லியா?” என்று கேட்டார்கள். நாள்பட்ட பிறகு, “என்னம்மா ரெண்டு நாளா காணோம்” என்று கேட்கிறார்கள். எனக்கு அதுதான் பாதுகாப்பு.

பங்குனி, சித்திரையில் ராமநாதபுரம் பக்கத்துக் கீதாரிகள் (ஊர் ஊராக மந்தை ஓட்டிப் போகிற ஆட்டுக்காரர்கள்) ஆட்டோடு வருவார்கள். ஒரு நாள் கரை முழுக்க ஆடு. இறங்கி நின்றேன். மந்தைக்குள் சைக்கிளை விட்டால் குட்டிகள் தாயைப் பிரிந்து ஓடிவிடும், தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். பின்னால் வந்த அக்கா, தலையில் சட்டி பானை, இடுப்பில் பிறந்து ஒரு நாள் ஆன குட்டி. என்னைப் பார்த்ததும் கேட்டது, “மேக்கால உளுந்து எடுத்துட்டாங்களா தாயி?” சம்பா அறுப்புக்குப் பிறகு போட்ட உளுந்து வயலில் இருக்கும் வரை ஆடு இறங்க முடியாது. எடுத்த வயலில்தான் கிடை போட முடியும் (எருவுக்காக இரவில் ஆட்டை வயலில் அடைப்பது), கிடை போட்டால்தான் அவர்களுக்குக் கூலி. நான் வந்த வழியில் எந்தெந்தப் பக்கம் எடுத்திருந்தார்கள் என்று யோசித்துச் சொன்னேன். மந்தை அப்படியே வலது பக்கம் திரும்பியது. நான் பார்த்துச் சொன்ன ஒரு வார்த்தையை நம்பி அத்தனை உயிரும் வழி மாறிப் போனதை நினைத்தால் எனக்கு இன்னும் நெஞ்சு நிறைகிறது.

பேராவூரணியிலிருந்து:

நீங்கள் எல்லாம் மேலே இருந்து எழுதுகிறீர்கள். நான் கடைமடைக்காரன், கால்வாய்த் தண்ணீர் கடைசியாக வந்துசேரும் பக்கம். எங்களிடம் யாரும் “எது வரைக்கும் வந்திருக்கு” என்று கேட்பதில்லை, நாங்கள்தான் கேட்போம். தண்ணீர் வந்துசேர ஆடி ஆகிவிடும், சில வருஷம் அதுவும் தாண்டும்.

புது ஆற்றின் கரையில் காங்கிரீட் போட்டுக்கொண்டு வருகிறார்கள். 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டிய 2,640 கோடி ரூபாய்த் திட்டம். ஓட்டுகிறவர்கள் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். காங்கிரீட் போட்ட பகுதியில் தண்ணீர் வேகம் அதிகம், சரிவு வழுக்கும், தவறி உள்ளே போனால் பிடித்து ஏற ஒரு செடி கிடையாது. கரையின் உள் ஓரத்தில் ஓட்டாதீர்கள். மற்றபடி, மேலே இருக்கிற சிலர் காங்கிரீட் போட்டால் கிணறு ஊறாது என்கிறார்கள். அவர்கள் பயம் நியாயம். ஆனால் கடைமடையில் நின்று பார்க்கிறவனுக்கு வழியில் வீணாகாமல் வருகிற தண்ணீர் பெரிய விஷயம். நான் இதை என் ஊருக்காகச் சொல்கிறேன்.

இன்னொன்று. 2018 நவம்பர் 16 கஜா அடித்தபோது எங்கள் தென்னை எல்லாம் சாய்ந்தது. போன கோடையில் வாய்க்கால் கரையில் ஒரு பெரியவர் என்னை நிறுத்தி இளநீர் வெட்டிக் கொடுத்தார். புயலுக்குப் பிறகு வைத்த நெட்டைக் கன்று, முதல் பாளையின் காய். காசு நீட்டினேன். “இந்த மரத்துக் காயை விக்கிறதா இல்ல. இந்தக் கரையோட போறவங்க குடிக்கணும்” என்றார். போகிறவர்கள் அவரிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போங்கள், அவர் எதிர்பார்ப்பது அவ்வளவுதான்.

ஒரத்தநாட்டிலிருந்து:

சைக்கிள் ஓட்டுகிறவன் இல்லை, விவசாயி. கரையில் நெல்லோ உளுந்தோ காயப்போட்டிருந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். சம்பா நிற்கும்போது வரப்பில் ஏற்றாதீர்கள், வரப்பு இடிந்தால் தண்ணீர் நிற்காது. அறுவடை மிஷின் எதிரே வந்தால் அது ஒதுங்காது, நீங்கள்தான் ஒதுங்க வேண்டும். அவ்வளவுதான். மற்றபடி வாங்க, தாராளமா வாங்க.

தஞ்சாவூரிலிருந்து:

ஐயா சொன்னதை அப்படியே கடைப்பிடியுங்கள். தனிச்செய்தியில் பலர் கேட்டதற்கு இங்கேயே பதில் தருகிறேன். டயர் 40 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். கருவேல முள் எல்லாக் கரையிலும் உண்டு, டியூப்லெஸ் போட்டு உள்ளே சீலன்ட் ஊற்றிக்கொள்ளுங்கள். சாதாரண சைக்கிள் என்றால் பஞ்சர் சாமான் கட்டாயம். ஆனி, ஆடியில் மேல்காற்று கடுமை. கிழக்கே போகும்போது முதுகில் தள்ளும், மேற்கே திரும்பும்போது எதிர்க்காற்றில் ஓட்டுவது சிரமம். போவதற்கு மட்டும் சைக்கிள், திரும்ப வேறு வழி என்று திட்டமிடுங்கள். மார்கழி, தையில் வாடைக்காற்று, அப்போது வடக்கே திரும்புவதுதான் சிரமம். தையில் வருகிறவர்கள் வடுவூர் ஏரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள், வலசைப் பறவைகள் இருக்கும். மேட்டூரை வழக்கமாக ஜனவரி 28-இல் மூடுவார்கள், அதன் பிறகு கரை நன்றாகக் காய்ந்திருக்கும்.

பேராவூரணிக்காரரே, உங்கள் பக்கம் கடைசி மதகு வரைக்கும் கரை ஓட்டுகிற மாதிரி இருக்கிறதா, இல்லை நடுவில் கருவேலம் மூடிக் கிடக்கிறதா? அடுத்த ஜூனில் கல்லணையில் திறக்கிற அன்றைக்குப் புறப்பட்டு நேராக உங்களிடம் வந்து சேரலாம் என்று நாங்கள் சிலர் பேசிக்கொண்டிருக்கிறோம். தண்ணீர் எந்தப் பாலத்தில் நிற்கிறது என்பதை வழியெல்லாம் இங்கேயே எழுதுகிறோம். உங்கள் ஊரில் யாருக்கெல்லாம் அந்தத் தகவல் வேண்டுமோ அவர்களைச் சேர்த்துவிடுங்கள்.