பீங்கான் தகடா, கவசப் பாளமா?

குழுவினருக்கு வணக்கம். கோலாலம்பூரிலிருந்து எழுதுகிறேன்.

பணம் ஏற்றும் வண்டிகளில் காவலுக்குப் போகும் நம் பிள்ளைகளுக்காக ஒரு சிறு கையேடு தயாராகிறது. வெஸ்டுக்குள், அதாவது தோட்டாவிலிருந்து காக்கும் மேலுடைக்குள், செருகும் செராமிக் கவசங்கள் வெளிநாட்டிலிருந்து மலிவாக வருகின்றனவே, அவற்றை எப்படி ஒப்பிட்டுப் பார்ப்பது என்பதுதான் விஷயம். அந்தக் கவசத்தைத் தமிழில் எப்படி அழைப்பது என்பதில்தான் இப்போது பேச்சு. பினாங்கு மாநிலத்துப் பட்டர்வொர்த்தில் இருக்கும் ஐயா போன மடலில் சொன்னது:

> "பீங்கான் தகடு" போதும். எல்லாருக்கும் புரியும்.

புரியும்தான், ஆனால் தப்பாகப் புரியும். தகடு என்றால் செம்புத் தகடு, கூரைத் தகடு. மெல்லியது, வளைந்து கொடுப்பது, தூக்கிப் போட்டாலும் ஒன்றும் ஆகாதது. இந்தப் பொருளோ ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர் தடிமன். கீழே விழுந்தால் உறைக்குள்ளேயே விரிசல் விடலாம், வெளியே தெரியாது. உறுதியாகப் பார்க்க எக்ஸ்ரே வேண்டும். தகடு என்று படித்தவன் அதை வண்டியின் பின்னால் வீசிவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விடுவான்.

என் பரிந்துரை கவசப் பாளம். தடிமன் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. நிலம் பாளம் பாளமாக வெடித்தது என்கிறோமே, அதுவும் இங்கே பொருந்துகிறது. தோட்டா மோதும்போது கடினமான முகப்பு அதன் உள்கருவை நொறுக்குகிறது. அப்படி நொறுக்கும்போது தானும் கூம்பு வடிவில் உடைந்து, அடியின் வேகத்தை அகலமான பரப்புக்குப் பிரித்து விடுகிறது. பின்னால் ஒட்டியிருக்கும் பாலிஎத்திலீன் அல்லது அராமிட் என்ற வலுவான இழைகளின் அடுக்கு சிதறல்களை வாங்கிக்கொள்கிறது. ஆக, உடைவதுதான் அதன் தொழில்.

அந்த முகப்பை மோதுமுகம் எனலாம். அது வெளிப்பக்கம் இருக்க வேண்டும் என்பது சொல்லைக் கேட்டதுமே விளங்கும். தோட்டா நின்ற பிறகும் பாளத்தின் பின்பக்கம் உடலை நோக்கிப் புடைக்கும். அது பின்புடைப்பு. அமெரிக்க நீதித்துறையின் ஆய்வு அமைப்பான என்.ஐ.ஜே. வகுத்த தரம், பின்னால் களிமண் வைத்துச் சுட்டு, குழியின் ஆழம் 44 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்கிறது.

பீங்கான் என்ற சொல்லும் வேண்டாம். மலாயில் பிங்கான் என்றால் சோறு சாப்பிடும் தட்டு. இங்கே படிப்பவனுக்கு அதுதான் முதலில் நினைவுக்கு வரும். செராமிக் என்றே எழுதிவிட்டு, எந்த செராமிக் என்பதைச் சொல்வோம், விலை வித்தியாசமே அங்கேதான் இருக்கிறது. கன சென்டிமீட்டருக்கு அலுமினா சுமார் 3.9 கிராம், சிலிக்கன் கார்பைடு 3.2, போரான் கார்பைடு 2.5. 25க்கு 30 சென்டிமீட்டரில் ஒரு சென்டிமீட்டர் தடிமனுள்ள முகப்பு மட்டும் என்று கணக்குப் போட்டால் முறையே 2.9, 2.4, 1.9 கிலோ வருகிறது. முன்னும் பின்னும் இரண்டு பாளம் போட்டுக்கொண்டு பகல் முழுக்க நிற்பவனுக்கு அந்த வித்தியாசம் முதுகில் தெரியும். மலிவாக வருபவை பெரும்பாலும் அலுமினா. தாங்கும், ஆனால் கனக்கும்.

இன்னொன்று, இதில்தான் ஏமாற்று அதிகம். "என்.ஐ.ஜே. சான்று பெற்றது" வேறு, "என்.ஐ.ஜே. முறைப்படி சோதித்தது" வேறு. முதலாவது அந்த அமைப்பின் பட்டியலில் இருக்கும், மாதிரி எண்ணை வைத்துத் தேடிப் பார்க்கலாம். இரண்டாவதற்கு விற்பவர் வாய்மொழிதான் ஆதாரம். ஆய்வுக்கூட அறிக்கையைக் கேளுங்கள். எந்தத் தோட்டாவைத் தாங்கும் என்பதை வைத்து என்.ஐ.ஜே. தரம் கவசங்களை நிலைகளாகப் பிரிக்கிறது. "மூன்று பிளஸ்" என்று ஒரு நிலை விளம்பரங்களில் வரும். தரத்தில் அப்படி ஒன்று கிடையாது, விற்பவர்களே வைத்துக்கொண்ட பெயர். கையேட்டில் "சான்றுப் பாளம்", "சோதனைப் பாளம்" என்று பிரித்து எழுதலாமா?

* * *

தம்பிக்கு, பட்டர்வொர்த்திலிருந்து.

பாளம் சரி, ஏற்றுக்கொண்டேன். "சோதனைப் பாளம்" வேண்டாம். சோதனைக்காகச் செய்த மாதிரி என்று படுகிறது. "சான்றில்லாப் பாளம்" என்று பச்சையாகவே போடுங்கள்.

அது இருக்கட்டும், உங்கள் வரைவின் தலைப்பில் "குண்டு துளைக்காத" என்று இருக்கிறதே! பத்திரிகைகள் அப்படித்தான் எழுதுகின்றன, மலாயிலும் காலிஸ் பெலுரு என்கிறார்கள். காலிஸ் என்றால் எதுவும் உள்ளே புகாதது. என்.ஐ.ஜே.யின் 2008ஆம் ஆண்டுத் தரத்தில் நான்காம் நிலைக்கே கவசம் துளைக்கும் தோட்டா ஒன்றே ஒன்றைத்தான் சுட்டுப் பார்க்கிறார்கள், நொடிக்கு 878 மீட்டர் வேகத்தில். இரண்டாவது தோட்டாவுக்கு அங்கே உத்தரவாதம் இல்லை. மூன்றாம் நிலையில் ஆறு தோட்டா, ஆனால் அது சாதாரண ராணுவத் தோட்டா. "தோட்டா தாங்கும்" என்று போட்டு, எந்தத் தோட்டா, எத்தனை என்று பக்கத்திலேயே எழுதுங்கள்.

வெஸ்டுக்கு மெய்ம்மறை என்று வைத்தால் என்ன? பதிற்றுப்பத்தில் அரசனையே "சான்றோர் மெய்ம்மறை" என்கிறார்கள். இவ்வளவு நல்ல சொல் சும்மா கிடக்கிறது.

* * *

ஐயா, "தோட்டா தாங்கும்", "சான்றில்லாப் பாளம்" இரண்டையும் மாற்றிவிட்டேன். மெய்ம்மறை எனக்கும் ஆசைதான். ஆனால் காவலுக்குப் போகிறவன் வெஸ்ட் என்றுதான் சொல்கிறான், கடைக்காரனும் அப்படித்தான். சொல்லடைவில் மெய்ம்மறையைச் சேர்க்கிறேன், பாடத்தில் வெஸ்ட் இருக்கட்டும்.

2023 நவம்பரில் வந்த என்.ஐ.ஜே.யின் புதிய தரத்தில் நிலைகளின் பெயரே மாறிவிட்டது. பழைய நான்காம் நிலைக்கு இணையானது ஆர்.எப்.3. கடைகளில் இரண்டு பெயரும் கலந்து வருவதால் இரண்டையும் போடுகிறேன். இந்த நாட்டுக்குள் இவற்றைக் கொண்டுவர உரிமம் வேண்டும், இணையத்தில் சொந்தமாக வரவழைக்கக் கூடாது என்பதை முதல் பக்கத்திலேயே வைக்கிறேன்.

ஒன்று மட்டும் இன்னும் முடியவில்லை. சில பாளங்கள் தனியாகவே தாங்கும். சில, பின்னால் குறிப்பிட்ட மென்கவசம், அதாவது இழை அடுக்குகளால் ஆன கவசம், இருந்தால்தான் தாங்கும். விலை குறைவு என்று இரண்டாவதை வாங்கி வெறும் உறையில் போட்டால் ஆபத்து. "தனிப்பாளம்", "துணைப்பாளம்" என்று யோசித்தேன். துணைப்பாளம் என்றால் கூடுதலாகக் கொடுக்கும் உதிரி என்று ஒருவர் நினைத்துவிடலாம். "சார்புப் பாளம்" சரியாக வருமா? பினாங்குக்காரர்கள் சொல்லுங்கள், அச்சுக்குப் போவதற்குள் முடித்துவிடலாம்.