பாஸிவ் ஓசோனுக்குத் தமிழில் என்ன?

வணக்கம். வளிமண்டல வேதியியல் நூலொன்றில் துருவப்பகுதி ஓசோன் இழப்பு பற்றிய அத்தியாயத்தை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். ஓசோன் துளை, துருவச் சுழல், கலப்பு விகிதம் எல்லாம் சிக்கலில்லாமல் வந்துவிட்டன. 'பாஸிவ் ஓசோன்' என்ற இடத்தில் இரண்டு நாளாக நிற்கிறேன்.

விஷயம் இதுதான். கணினி மாதிரியில் ஓசோனை இரண்டு பிரதிகளாக ஓடவிடுகிறார்கள். ஒன்றில் வேதிவினை நடக்கும். மற்றது காற்று இழுக்கும் பக்கமெல்லாம் போகும், ஆனால் ஓசோனை அழிக்கும் குளோரின் அதைத் தொடாது. குளிர்காலத் தொடக்கத்தில் இரண்டும் ஒரே அளவு. மார்ச்சில் இந்த இரண்டாவது பிரதியிலிருந்து, பலூனோ செயற்கைக்கோளோ அளந்த ஓசோனைக் கழித்தால் வருவது வேதி இழப்பு. 'செயலற்ற ஓசோன்' என்று எழுதிவைத்திருக்கிறேன், மனசு ஒப்பவில்லை.
– க.

---

> செயலற்ற ஓசோன்

வேண்டாம் அம்மா, மந்த வாயு பட்டியலில் ஓசோனையும் சேர்த்துவிடுவார்கள் மாணவர்கள். 'மாறா ஓசோன்' போடுங்கள். ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், மூன்று காலத்துக்கும் பொருந்தும், வாயிலும் எளிதாக வரும்.
– ந.

---

ஐயா, மன்னிக்கணும், இந்த மாதிரிகளை ஓட்டுவதுதான் என் வேலை, அதனால் சொல்கிறேன். பாஸிவ் ஓசோன் மாறும். நன்றாகவே மாறும். துருவச் சுழலுக்குள், அதாவது துருவத்தைச் சுற்றி வீசும் குளிர்காலக் காற்று வளையத்துக்குள், குளிர்காலம் முழுக்கக் காற்று மெல்லக் கீழே இறங்குகிறது, மேலே கலப்பு விகிதம் (காற்றில் ஓசோனின் பங்கு) அதிகம், ஆக 18 கிலோமீட்டர் உயரத்தில் நின்று பார்த்தால் பாஸிவ் ஓசோன் ஏறிக்கொண்டே வரும். கற்பனை எண் ஒன்று: டிசம்பரில் பத்து லட்சத்துக்கு 2.5 பங்கு. மார்ச்சில் பலூன் அளந்ததும் 2.5. ஒன்றுமே நடக்கவில்லை என்று தோன்றும். மாதிரியின் பாஸிவ் பிரதியோ 3.5 காட்டும். அப்படியானால் 1 பங்கு தின்னப்பட்டிருக்கிறது. இங்கே மாறாமல் நிற்பது அளந்த ஓசோன். நீங்கள் 'மாறா' என்று பெயர் வைப்பது மாறிய ஓசோனுக்கு!

அண்டார்டிகாவில் இவ்வளவு பாடு தேவைப்படவில்லை. 1985-இல் பிரிட்டிஷ் ஆய்வாளர் ஃபார்மனின் குழு அங்குள்ள ஹாலி பே நிலையத்தின் அளவுகளை வெளியிட்டபோது, அக்டோபர் ஓசோன் 300 டாப்சன் அலகை (தலைக்கு மேலுள்ள மொத்த ஓசோனை அளக்கும் அலகு) ஒட்டியிருந்தது 200 பக்கம் இறங்கியிருந்தது, கண்ணாலேயே தெரிந்தது. ஆர்க்டிக் சுழல் ஆண்டுக்கு ஆண்டு வேறு வேறாக நடந்துகொள்ளும், காற்று செய்ததையும் குளோரின் செய்ததையும் பிரித்துப் பார்க்காமல், அங்கே ஓசோன் பெரிதும் குறைந்த 2011-ஐயோ 2020-ஐயோ பேசவே முடியாது. சொல் சரியாக அமைய வேண்டும் என்பதற்காகச் சொன்னேன்.
– த.

---

எல்லாரும் பாஸிவைப் பிடித்துத் தொங்குகிறீர்கள், ஓசோனை விட்டுவிட்டீர்கள். 1840-இல் ஷோன்பைன் மணம் என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்துதான் அந்தப் பெயரை எடுத்தார். நம்மிடம் 'நாறு' இருக்கிறது, பழைய வழக்கில் நாற்றம் என்றால் நறுமணம்தான். ஆகவே ஓசோன் 'நாறியம்'. பாஸிவ் ஓசோன் 'வாளா நாறியம்', வாளாவிருப்பது. இன்று நாம் தயங்கினால் நாளை யார் ஆக்குவார்?
– செ.

---

> வாளா நாறியம்

வாளா இருந்தான், வாளா கிடந்தான் என்று வினையோடுதான் வாளா வரும் ஐயா, பெயரைத் தழுவாது. நாறியம் என்று வகுப்பில் சொன்னால் அந்தப் பாடவேளை சிரிப்பிலேயே முடிந்துவிடும், 20 ஆண்டு பாடம் எடுத்தவள் சொல்கிறேன்.

தனி மடலில் ஒருவர் 'தீண்டா ஓசோன்' என்று அனுப்பியிருக்கிறார். இலக்கணம் சரிதான். அந்தச் சொல்லை அறிவியலுக்குள் நான் கொண்டுவர மாட்டேன், அதில் விவாதமும் இல்லை.

பாடநூலில் ஏற்கெனவே 'வினைபடு பொருள்' இருக்கிறது. அதைத் திருப்பிப் போட்டால் 'வினைபடா ஓசோன்'. நகரும், ஏறும், இறங்கும், வினை மட்டும் படாது. தம்பி த. கேட்டதும் இதுதானே?
– ம.

---

இதுதான் அக்கா. என் ஓட்டு இதற்கே.
– த.

---

வினைபடா ஓசோன் என்றால், சைவ சித்தாந்தம் சொல்லும் இருவினையொப்பு வந்த, நல்வினையும் தீவினையும் ஒன்றாகிப்போன ஆன்மா போல இருக்கிறது. புணர்ச்சியும் விட்டுப்போயிற்று, உடம்படுமெய் போட்டு 'வினைபடாவோசோன்' என்றல்லவா எழுத வேண்டும்? நாறியம் என்றால் இந்தத் தொல்லையே இல்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.
– செ.

---

சரி, வினைபடட்டும். 'மாறா' போனதில் எனக்கு வருத்தம்தான், ஆனால் 2.5 கணக்குக்கு என்னிடம் பதில் இல்லை. உடம்படுமெய் வேண்டாம், பிறமொழிப் பெயருக்கு முன் இடைவெளி விடுவதே வாசிக்க நல்லது.
– ந.

---

அனைவருக்கும் நன்றி. 'வினைபடா ஓசோன்' என்றே போட்டு, முதல் இடத்தில் மட்டும் பக்கத்தில் பாஸிவ் ஓசோன் என்றும் எழுதி அனுப்பிவிடுகிறேன். வரைவு இணைப்பில்.
– க.

---

அக்கா, அனுப்பிவிட்டீர்களா? நான்காம் பக்கத்தில் 'மாதிரியில் உள்ள ஓசோன் அளவு' என்று வருகிறது. முந்தின பத்தியில் விமானம் குடுவையில் பிடித்து வந்த காற்றும் மாதிரி, அடுத்த பத்தியில் கணினியில் ஓடுவதும் மாதிரி. இது எந்த மாதிரி?
– த.

---

நான் அப்போதே சொன்னேன். கணினியில் ஓடுவது 'போல்மம்'. புது இழை தொடங்குகிறேன்.
– செ.