கன்வர்ஷனுக்கு என்ன சொல்? (சிற்றுருப் படைவீரர் கையேடு, அவசரம்)

செ. எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். மேசை மேல குட்டிப் படைவீரர் பொம்மைகளை வச்சு ஆடுற போர் விளையாட்டுக்குப் புதுசா வர்ற பசங்களுக்காக ஒரு கையேடு தமிழ்ல பண்ணிட்டு இருக்கேன், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகணும், மொத்தம் முடிஞ்சிருச்சு ஆனா அத்தியாயத் தலைப்புலயே மாட்டிக்கிட்டேன். வாங்கக் கிடைக்கிற பொம்மைங்க பெரும்பாலும் சீருடை போட்ட ராணுவ வீரருங்க. ஆட்டத்துக்கு வேணுங்கிறதோ இந்தக் காலத்து இர்ரெகுலர் ஆளுங்க, அதாவது சீருடை இல்லாம ஆளுக்கொரு சட்டை, தலையில துணி, கையில ஏகே துப்பாக்கி. அதனால இருக்கிறதை வெட்டி, சீவி, புட்டி (பிசைஞ்சு அப்புனா இறுகிப்போற பசைமாவு) அப்பி வேற ஆளா ஆக்குறாங்க, அதுக்குப் பேர் கன்வர்ஷன். இப்போதைக்கு "உருமாற்றம்"னு போட்டிருக்கேன், படிச்சா கம்பளிப்பூச்சி பட்டாம்பூச்சி ஆகுறதுதான் ஞாபகம் வருது. கன்வர்ஷன், இர்ரெகுலர், ரெண்டுக்கும் சொல் வேணும். கத்தியைக் கையில எடுத்த 14 வயசுப் பிள்ளைக்குப் புரியணும், அது ஒண்ணுதான் நிபந்தனை.

கா. எழுதியது:

அக்கா, நான் இந்த வேலையைப் பல வருஷமா பண்றேன், சொல் தேடுறதுக்கு முன்னாடி மேசையில என்ன நடக்குதுன்னு சொல்லிடுறேன். 1/72 அளவுல, அதாவது நிஜத்துல 72ல ஒரு பங்குல, ஒரு ஆள் சுமார் 24 மி.மீ. உயரம், அவன் கையில இருக்கிற ஏகே 12 மி.மீ. இந்த அளவுல வர்றது நிறைய மெத்துனு இருக்கிற பாலிஎத்திலீன் பிளாஸ்டிக், சாதாரண பசை எதுவும் ஒட்டாது. அதனால சோப்புத் தண்ணியில கழுவிட்டு, புது பிளேடால கழுத்தை ஒரே அழுத்தா வெட்டி, ரெண்டு பக்கமும் ஊசித்துளை போட்டு, நடுவுல மெல்லிய கம்பி கொடுத்து வேற தலையைச் செருகணும். ஹெல்மெட்டைச் சீவி எடுத்துட்டா மொட்டைத் தலை கிடைக்கும், அது மேல டிஷ்யூ பேப்பரைக் கிழிச்சு வெள்ளைப் பசையில நனைச்சு சுத்தினா தலைத்துணி, காயுறப்போ தானா மடிப்பு விழும், அதைப் பாக்கிற சுகமே தனி. இடுப்புப் பையெல்லாம் சீவிடணும். நீலமும் மஞ்சளும் சமமா பிசைஞ்சா பச்சையாகிற எபாக்ஸி புட்டியில நெஞ்சுக்கு குறுக்க மூணு நீளப் பை, தோட்டா மேகசின் வைக்கிறதுக்கு. பூட்ஸைச் சுரண்டிச் செருப்பாக்கணும். இதுல கால்சட்டைதான் முக்கியம், ராணுவ ஆளோட கால்சட்டை பூட்ஸுக்குள்ள செருகி இருக்கும், அதைப் புட்டியால இறக்கி விடலைன்னா தலை எவ்வளவு மாத்தினாலும் அவன் சிப்பாயாத்தான் நிப்பான். ஆக வெட்டு, மாத்து, ஒட்டு, மூணும் அந்தச் சொல்லுக்குள்ள இருக்கணும். நான் பேச்சுல "மாத்துறது"ன்னுதான் சொல்லுவேன்.

ந. எழுதியது:

தம்பி எழுதியதைப் படித்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். வெட்டு, மாத்து, ஒட்டு என்று நீங்கள் சொன்ன மூன்றையும் நன்னூலார் எப்போதோ சொல்லிவிட்டார்: தோன்றல், திரிதல், கெடுதல். வாழைப்பழத்தில் ப் தோன்றியது, அது உங்கள் புட்டிப் பை. பொற்குடத்தில் ன் என்பது ற் ஆகத் திரிந்தது, அது தலை மாற்றம். மரவேரில் ம் கெட்டது, அது சீவி எறிந்த ஹெல்மெட். மூன்றுக்கும் பொதுப்பெயர் விகாரம். சிற்றுரு விகாரம் என்றே வைத்துவிடலாம், இலக்கணம் படித்த பிள்ளைக்கு உடனே விளங்கும்.

வே. எழுதியது:

ஐயா மன்னிக்கணும், விகாரம் வடசொல். அதோட "முகமெல்லாம் விகாரமா இருக்கு"ன்னு சொல்ற ஊர்ல, ஆசையா ஒருத்தர் ராத்திரியெல்லாம் உக்காந்து செஞ்ச உருவை விகாரம்னா மனசு கஷ்டப்படும். திரிதல்ங்கிற தமிழ் வினை கையிலயே இருக்கே, "திரியுரு"ன்னு வைக்கலாம். சொல்லும் சின்னது.

செ. எழுதியது:

பால் திரிஞ்சு போச்சுன்னுதானே வே. எல்லாரும் சொல்றோம்? கெட்டுப்போன பொம்மைன்னு நினைச்சுப்பாங்க.

ந. எழுதியது:

திரியுருவில் உள்ள உரு மட்டும் தமிழா? உருவம், ரூபம் என்பதன் வழி வந்தது என்பார் உளர்.

வே. எழுதியது:

அது தலைகீழ் வாதம் ஐயா. உருன்னா அச்சம்னு தொல்காப்பியத்துலயே உரியியல்ல இருக்கு, "உரு உட்கு ஆகும்". உருவம்ங்கிற பொருளும் அங்கிருந்துதான் வந்திருக்கணும், இருட்டுல திடீர்னு எதிர்ல நின்னு பயமுறுத்துற வடிவம்தான் முதல்ல உருன்னு எனக்குத் தோணுது. உருத்தல், உருமு, உரும் இடி எல்லாம் ஒரே வேரா இருக்கும்னு நினைக்கிறேன். படைவீரனோட சிலைக்கு இதைவிடப் பொருத்தமா ஒரு வேர் கிடைக்காது.

கா. எழுதியது:

உரு தமிழ்தான்னு வச்சுக்குவோம் ஐயா, வெள்ளிக்கிழமை இருக்கு.

மு. எழுதியது:

நான் இவ்வளவு நேரம் வாசிச்சுக்கொண்டு இருந்தன். ஒரு சொல் சொல்லவா: புனைபாவை. குறள் 407, "மண்மாண் புனைபாவை யற்று". சுதையால் செய்து அழகாப் புனைஞ்ச பாவை, தம்பி புட்டியால செய்யிறதும் அதுதானே? இலக்கணம் கேட்டா வினைத்தொகை, புனைந்த, புனைகின்ற, புனையும் எண்டு மூண்டு காலமும் உள்ளுக்குள்ள இருக்கு. இந்த வேலையும் அப்பிடித்தான், முடிஞ்சிட்டுது எண்டு வச்ச உருவை அடுத்த மாசம் எடுத்து இன்னொரு தோள்பை வைக்கிறவைதான் எல்லாரும். பாவை எண்டா கண்ணுக்குள்ள தெரியிற சின்ன உருவமும் தானே, "கருமணியிற் பாவாய்" எண்டு வள்ளுவரே கூப்பிடுறார். மினியேச்சருக்கு இதைவிடச் சின்னதா ஒரு உவமை இல்லை.

செ. எழுதியது:

மு. அண்ணா, படிச்சதும் கண்ணுல ஒத்திக்கணும் போல இருந்துச்சு. ஆனா தாடி வச்சு தோள்ல ஆர்பிஜி (ராக்கெட் குண்டு ஏவி) தூக்கின ஆளைப் பாவைன்னா பிள்ளைங்க ஒரு பெண் உருவத்தைத்தான் தேடுவாங்க. அதோட அந்தக் குறள் அறிவில்லாதவன் அழகை இல்ல பழிக்குது?

மு. எழுதியது:

பழிக்கிறது அறிவில்லாதவனை. பாவையை இல்லை.

ந. எழுதியது:

இர்ரெகுலருக்கு வருவோம். திருக்குறள் படைமாட்சி அதிகாரத்தின் உரையில் பரிமேலழகர் அறுவகைப் படை சொல்கிறார்: மூலப்படை, கூலிப்படை, நாட்டுப்படை, காட்டுப்படை, துணைப்படை, பகைப்படை. மூலப்படை அரசனுக்கு வழிவழியாக நிற்பது, இன்றைய நிலைப்படை என்று கொள்ளலாம். மற்றதில் நாட்டுப்படையோ காட்டுப்படையோ நமக்கு ஆகும்.

கா. எழுதியது:

நாட்டுப்படைன்னா இன்னிக்கு தேசிய ராணுவம்னுதான் படிப்பாங்க, நேர் எதிரா போயிரும். காட்டுப்படைன்னா திட்டுற மாதிரி இருக்கு.

மு. எழுதியது:

எங்கட பக்கம் கரந்தடிப்படை எண்டு ஒரு சொல் ஏற்கெனவே புழக்கத்தில இருக்கு.

கா. எழுதியது:

அது கெரில்லாவுக்குச் சரி அண்ணா. 1808ல நெப்போலியன் படைக்கு எதிரா ஸ்பெயின்ல நடந்த சண்டையில இருந்து அந்தச் சொல் பரவுச்சு, சின்னப் போர்னு அர்த்தம், ஒளிஞ்சு அடிக்கிறது அதோட முறை. ஆனா இர்ரெகுலர்ல ஊர்க்காவலுக்கு நிக்கிறவன், ஒரு தலைவனோட சொந்தப் படை, சோதனைச்சாவடியில நாற்காலி போட்டு பகிரங்கமா உக்காந்திருக்கிறவன் எல்லாம் வர்றான். எதுவும் கரந்து இல்லை. ஒருத்தன் எப்படிச் சண்டை போடுறான்ங்கிறது ஒரு கேள்வி, யாருக்குக் கட்டுப்பட்டவன்ங்கிறது வேற கேள்வி, இர்ரெகுலர் ரெண்டாவதுக்கு வர்ற சொல்.

ந. எழுதியது:

யாருக்குக் கட்டுப்பட்டவன் என்று கேட்டீர்களே, அங்கேதான் விடை இருக்கிறது. ஆநிரை கவர்வதை, அதாவது பகைவரின் பசுக்கூட்டத்தைக் கவரும் வெட்சியை, வேந்துறு தொழில், தன்னுறு தொழில் என்று இரண்டாகப் பகுத்தது பன்னிருபடலம் என்ற பழைய இலக்கண நூல். வேந்தன் ஏவிப் போனால் ஒன்று, தானே துணிந்து போனால் மற்றொன்று. இர்ரெகுலர் என்பதன் வரையறையே இதுதான். "தன்னுறு வீரர்" என்று சொல்லுங்கள்.

வே. எழுதியது:

ஆனா தொல்காப்பியர் "வேந்துவிடு முனைஞர்"னு வேந்தன் விட்டவங்களை மட்டும்தானே வெட்சியில ஏத்துக்கிறாரு? தன்னுறு தொழிலைச் சேர்த்தது குற்றம்னு உரைகாரர் மறுத்தது உங்களுக்குத் தெரியாததில்லை.

ந. எழுதியது:

மறுத்தார் என்றாலே அப்படி ஒன்று இருந்தது என்றுதானே பொருள். வேந்தன் விடாமல் போனவர்களுக்கும் ஒரு பெயர் வேண்டும், இன்றைக்கு நாம் தேடுவதும் அதுதான்.

செ. எழுதியது:

ஐயா, நீங்க சொல்றது அழகாவும் இருக்கு சரியாவும் இருக்கு, நான் பக்கத்துல இருந்த ரெண்டு பிள்ளைங்ககிட்ட "தன்னுறு வீரர்"னு எழுதிக் காட்டினேன், ஒண்ணு "தன்னுரு"ன்னு படிச்சு தன்னை மாதிரியே செஞ்ச பொம்மையான்னு கேட்டுச்சு. உரு, உறு ரெண்டும் ஒரே பக்கத்துல வர்றது இந்தக் கையேட்டுல ஆபத்து. "முறைசாராப் படையினர்"னு சொன்னேன், ரெண்டுக்கும் உடனே புரிஞ்சது, முறைசாராக் கல்வின்னு கேள்விப்பட்டிருக்காங்க.

வே. எழுதியது:

முறைசாரா எனக்கு ஒப்பு. ஆனா ஆயுதப் பட்டியல்ல துப்பாக்கின்னு இருக்கே, தனித்தமிழ்ல துமுக்கின்னு போடலாமே?

கா. எழுதியது:

இது மட்டும் வேணாங்க. துப்பாக்கின்னா படிக்கிறவன் கை தானா தோளுக்குப் போகும், துமுக்கின்னா அகராதிக்குப் போகும். துருக்கிச் சொல்லா இருந்துட்டுப் போகட்டும், நம்ம நாக்குல ஊறிப்போச்சு.

வே. எழுதியது:

அகராதிக்குப் போறது பிள்ளைங்களுக்கு நல்லதுதான்னு நான் நம்புறேன். இந்த ஒரு இடத்துல உங்களோட ஒத்துப்போக முடியல, பதிவு பண்ணிக்கிறேன்.

செ. எழுதியது:

வியாழன் ராத்திரி ஆயிருச்சு, முடிக்கிறேன். செஞ்ச உருவுக்கு "மாற்றுரு", செய்யுற வேலைக்கு "உரு மாற்றுதல்"னு பிரிச்சே எழுதிட்டேன், ஹெட் ஸ்வாப்புக்கு "தலைமாற்று". கா., இன்னும் ரெண்டு பேர், நான், நாலு பேர் இதுக்கு. வே. திரியுருதான்னு நிக்கிறாரு, ந. ஐயா பதில் போடல. இர்ரெகுலர் முறைசாராப் படையினர். துப்பாக்கி துப்பாக்கியாவே இருக்கு. பின்பக்கச் சொற்பட்டியல்ல திரியுரு, தன்னுறு வீரர் ரெண்டையும் அடைப்புல கொடுத்திருக்கேன்.

மு. எழுதியது:

தங்கச்சி, புனைபாவையையும் அந்தப் பட்டியல்ல போடுங்கோ. ஒருத்தரும் பாவிக்காட்டியும் பரவாயில்லை, நான் என்ர பெட்டி மூடியில அப்பிடித்தான் எழுதி ஒட்டி இருக்கிறன்.

கா. எழுதியது:

அக்கா, 31ஆம் பக்கத்துல பிக்அப் வண்டி மேல கனரக இயந்திரத் துப்பாக்கி ஏத்தினதை "தொழில்நுட்ப வண்டி"ன்னு போட்டிருக்கீங்க. டெக்னிக்கல்ங்கிறது சோமாலியாவுல அந்த வண்டிக்கே வந்த பேரு, தமிழ்ல தொழில்நுட்ப வண்டின்னா அது என்ன வண்டின்னே புரியாது. அச்சுக்குப் போறதுக்குள்ள மாத்த முடியுமா?

வே. எழுதியது:

துமுக்கியூர்தி.